கத்திக்குப் பதம் தரும் நெருப்பு



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் மேலப்பாளையத்து ஆட்டுச்சந்தையில் கால் வைக்க இடம் இராது. ஆட்டைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அக்கறைக்கு அளவே இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், கொம்பைத் தடவிப் பார்க்கிறோம், நடக்கவிட்டும் பார்க்கிறோம். ஆனால் அதன் கழுத்தில் வைக்கப்போகும் கத்தியை நம்மில் எத்தனை பேர் முன்கூட்டியே எடுத்துப் பார்க்கிறோம்? அறுக்கப்படும் பிராணி வேதனைப்படாதிருக்கக் கத்தியைக் கூராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. அந்தக் கடமையில் நான் ஒருமுறை தவறிப்போனேன். அந்தத் தவறு எனக்குக் கற்பித்த பாடமே இம்மாதக் கட்டுரை.

என் தந்தையார் விட்டுச்சென்ற கத்தி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. லாரியின் பழைய வில்பட்டையிலிருந்து கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்தது. பெருநாளுக்கு முந்திய நாள், அவசரத்தில், மின்சாரச் சாணை வைத்திருந்த ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். தீப்பொறி பறக்க அழுத்தித் தேய்த்தார். ஐந்தே நிமிடத்தில் கத்தியின் வாய் பளபளத்தது. ஓரத்தில் மயில் கழுத்து போல ஒரு நீலக்கோடும் தெரிந்தது. அழகாயிருக்கிறதே என்று மகிழ்ந்தேன்! மறுநாள் முதல் ஆட்டிற்கு உதவிய கத்தி, இரண்டாம் ஆட்டிற்கு முன் தடவிப் பார்த்தபோது வாய் மடங்கிக் கிடந்தது. அண்டை வீட்டிலிருந்து வேறு கத்தி வரும்வரை அந்த வாயில்லாப் பிராணி கட்டுண்டு காத்திருந்தது. அந்தச் சில நிமிடங்களை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

உலைக்களத்தில் ஒரு பாடம்

பெருநாள் கழிந்ததும் தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலுள்ள முதிய கொல்லரிடம் அதைக் கொண்டுசென்றேன். நீலக்கோட்டைக் கண்டதுமே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சாணைக்கல்லிலே காய்ச்சிவிட்டார்கள், பாய். வாயில் இருந்த பதம் போய்விட்டது.”

“மறுபடி தீட்டினால் சரியாகாதா, அண்ணாச்சி?”

“தீட்டினால் கூர் வரும், பாய். கூர் நிற்க வேண்டுமானால் மறுபடி தோய்க்க வேண்டும்.”

கூர் வேறு, பதம் வேறு என்பது அன்றுதான் எனக்குப் புலனாயிற்று. கூரைத் தருவது கல். அந்தக் கூரை நிலைக்கச் செய்வது நெருப்பு.

மரப்பிடியைக் கழற்றினார். கரியைத் தூண்டி உலையைப் பதப்படுத்தினார். பிறகு கூரையிலிருந்து தொங்கிய சாக்கை இறக்கி வெயிலை மறைத்தார். ஏன் தெரியுமா? வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் உண்மையைவிட மங்கித் தெரியும். “இன்னும் காயவில்லை” என்று எண்ணி மேலும் சூடேற்றிவிடுவோம். நிழலில்தான் நெருப்பு மெய் பேசும்.

இரும்பு சூடேறுகையில் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பாகிறது. 750 முதல் 800 வரை கோவைப்பழச் சிவப்பு. 900-ஐத் தாண்டினால் ஆரஞ்சு. 1,000-க்கு மேல் மஞ்சள். 1,200-ஐக் கடந்தால் வெண்மை. அதற்கும் மேலே போனால் எஃகே மத்தாப்பூப் போலப் பொறிவிட்டு எரியும். வெப்பமானி இல்லாத காலந்தொட்டு இந்த நிற ஏணியே கொல்லரின் கருவி.

எஃகு என்பது கரி கலந்த இரும்பு. சுமார் 730 டிகிரியைத் தாண்டும்போது இரும்பின் உள்ளமைப்பு மாறத் தொடங்கி, அதிலுள்ள கரிச்சத்து சர்க்கரை பாலில் கரைவதுபோல் எங்கும் பரவுகிறது. அந்நிலையில் சட்டென்று குளிர்வித்தால் கரி பிரிந்துபோக அவகாசமின்றி உள்ளேயே சிறைப்படுகிறது. கடினம் பிறப்பது அச்சிறையினால்தான். சூடு போதாவிட்டால் கரி கரையாது, தோய்த்தும் பயனில்லை. சூடு மிகுந்தாலோ எஃகின் உள் மணிகள் பருத்துவிடும். அத்தகைய கத்தியை ஒடித்துப் பார்த்தால் உடைந்த முகம் கற்கண்டுபோல் மின்னும். நல்ல பதமுள்ள எஃகின் முகமோ பட்டுத்துணிபோல் மென்சாம்பல் நிறமாயிருக்கும். கற்கண்டு முகமுள்ள அரிவாள் ஒரு முருங்கைக் கட்டையில் பட்டாலும் தெறிக்கக்கூடும். தெறித்த துண்டு யார் கண்ணில் பாயும் என்று யாரால் சொல்ல முடியும்?

நிழல் மறையும் கணம்

கொல்லர் கத்தியின் முதுகைக் கரிக்குள்ளும், வாயை மேலேயுமாக வைத்தார். வாய்ப்புறம் மெல்லியது, விரைவில் காய்ந்துவிடும். ஆகவே தடித்த முதுகு முதலில் சூடேற வேண்டும். துருத்தியை வேகமாக ஊதவில்லை. கத்தியை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருந்தார். நுனி ஒரு நிறம், அடி ஒரு நிறம் என்று ஆகிவிடலாகாது.

“உள்ளே ஒரு நிழல் ஊரும், பாருங்கள்” என்றார். உற்று நோக்கினேன். சிவந்த இரும்பினுள் மேகநிழல்போல் ஒன்று நகர்ந்தது. உள்ளமைப்பு மாறும்போது எஃகு வெப்பத்தை விழுங்குவதால் தோன்றும் கருமை அது. நிழல் முற்றும் மறைந்து, கோவைப்பழச் சிவப்பைவிடச் சற்றே வெளிறியதும் கத்தியை எண்ணெயில் நேராக இறக்கினார். வில்பட்டை எஃகுக்கு ஏறத்தாழ 850 டிகிரி வேண்டும், நீரில் போட்டால் விரிசல் விடக்கூடும், எண்ணெயே பாதுகாப்பு. அரத்தை வைத்துத் தேய்த்தார். கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கிற்று.

பணி முடிந்தது என்று எண்ணினேன். அவரோ, “இப்போது கீழே போட்டால் கண்ணாடிபோல் உடையும்” என்றார். கத்தியைத் தேய்த்து வெண்மையாக்கி, பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக்கட்டியின்மேல் முதுகை வைத்தார். முதுகிலிருந்து நிறங்கள் வாயை நோக்கி நடந்தன. 220 டிகிரியளவில் வைக்கோல் மஞ்சள், 280-ஐ ஒட்டி ஊதா, 300-ஐ நெருங்கினால் நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் எடுத்துவிட்டார். அறுக்கும் கத்திக்கு அந்நிறம் போதும். ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு ஊதா வரை விடலாம். அப்போது கடினம் சற்றுக் குறையும், உறுதி கூடும்.

இப்போது புரிகிறதல்லவா, என் கத்தியில் நான் கண்டு மகிழ்ந்த நீலக்கோடு எத்தகையது என்று? கொல்லர் கொடுத்த கடினத்தைச் சாணையின் சூடு பறித்துக்கொண்டதன் அடையாளமே அது.

பொருநைக் கரையின் பழந்தொழில்

இத்தொழில் இம்மண்ணுக்குப் புதியதன்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும் வெளிப்பட்டன. அதே பள்ளத்தாக்கிலுள்ள சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பிற்காலத்தில் தென்னாட்டில் மூசையில் உருக்கிய எஃகு, கடல் கடந்து அரபு நாடுகளுக்குச் சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றியே ஒரு நூல் எழுதி, சரந்தீப் எனப்படும் இலங்கையின் எஃகையும் அதில் குறித்தார். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இந்திய எஃகுக் கட்டிகள் பாரிஸ் நகருக்குப் போனபோது, அங்குள்ள கொல்லர் எவராலும் அதை அடித்து உருவாக்க இயலவில்லை என்று ரேமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் பதிவு செய்தார். தேனிரும்பை வெண்ணிறமாகக் காய்ச்சி அடித்துப் பழகியவர்கள் அவர்கள். நம் எஃகிலோ கரிச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருந்தது. வெண்சூட்டில் அது நொறுங்கும், செஞ்சூட்டிலேதான் வளையும். பொருள் கைக்கு வந்தும், அதற்குரிய நெருப்பின் அளவு தெரியாததால் பயனின்றிப் போயிற்று!

நாம் செய்ய வேண்டுவது

இனி, கத்தியைச் சாணைக்குக் கொடுக்கும்போது அருகிலேயே நில்லுங்கள். அடிக்கடி நீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். விரலுக்குச் சுடும் அளவுக்குக் காயவிடாதீர்கள். நேரமிருந்தால் கையாலேயே கல்லில் தீட்டுங்கள். அடுப்புத் தணலில் கத்தியை வாட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வாய் மடங்கினால் பதம் குறைவு. பல் பல்லாய்த் தெறித்தால் பதம் மிகுதி. எது என்று கண்டு கொல்லரிடம் சொல்லுங்கள். இத்தொழிலில் இறங்கும் இளைஞர்க்கு ஒரு குறிப்பு: ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தை ஒட்டாது. கண் பழகும்வரை ஒரு காந்தத்துண்டு உங்களுக்கு ஆசானாக இருக்கும். காந்தம் விட்டபின் இன்னும் சற்று ஏற்றினால் போதும்.

என்னிடம் அந்த முதியவர் கேட்ட கூலி, சாணைக்கு நான் கொடுத்ததைவிடச் சற்றே அதிகம். பேரம் பேச என் நா எழவில்லை. கத்தியைத் துணியில் சுற்றித் தருகையில் அவர் சொன்னார்: “அடுத்த தடவை பெருநாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், பாய்.”

நீங்களும் அப்படியே செய்யுங்கள், வாசகர்களே!