கஞ்சிக்குள்ள ஒரு கணக்கு இருக்கு

2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்களும் ஒரு ஆணும் கைதுசெய்யப்பட்டார்கள். அதற்குப் பொலிஸ் எடுத்த சட்டம் 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை இலங்கையில் நடைமுறைப்படுத்தவெண்டு கொண்டுவந்த சட்டம் அது. உரிமையைக் காக்க வந்த சட்டம் கஞ்சிப் பானைக்கு எதிராகப் பாய்ந்தது.

ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு அரசு ஏன் இப்படிப் பயப்பிடுது? "அது எங்கட உணர்வு, அதனாலதான்" எண்டு வழமையாச் சொல்லுவம். எனக்கு அந்தப் பதில் போதாது. கஞ்சிக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, பயம் அந்தக் கணக்குக்குத்தான்.

2009 பெப்ரவரியில், வன்னிக்குள்ள மிஞ்சியிருக்கிறது 70,000 பேர் வரைதான் எண்டு அரசு சொன்னது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். சனத்தொகையை வேணுமெண்டே குறைச்சுக் காட்டித்தான் உணவும் மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டதெண்டு 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை சொல்கிறது. அரிசியும் உப்பும் தண்ணியும் மட்டும் கொண்ட கஞ்சிக்குச் சனம் ஏன் வரிசையில நிண்டது எண்ட கேள்விக்கு இதுதான் பதில். அதால கஞ்சியை வெறும் நினைவுச்சின்னமாப் பார்க்க ஏலாது. அது ஒரு சாட்சியம்.

கல்லில கட்டினதை உடைக்கலாம். கோப்பாய் துயிலுமில்லத்தை இடிச்சு, அதுக்கு மேல இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது. கஞ்சிக்கு இப்படி ஒரு காணி தேவையில்லை. ஆனா சொல்லுறதுக்கு ஒரு ஆள் வேணும். ஆள் இல்லையெண்டா அது வெறும் கஞ்சிதான்.

நான் கவலைப்படுறது இந்த இடத்திலதான். 2009இல் பிறந்த பிள்ளையள் ஓ.எல். வயசுக்கு வந்திட்டினம். அவையளுக்குக் கஞ்சி எண்டது மே மாதம் சந்தியில கிடைக்கிற ஒண்டு. வாங்கிக் குடிச்சு, படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டா முடிஞ்சுது. அது பிழையெண்டு சொல்லேல்ல, ஆனா அதோட நிண்டா காணாது. அந்த வரிசையில நிண்ட அம்மாக்களுக்கு வயசு போகுது. அரிசி எங்கால வந்தது, ஆர் காய்ச்சினது, எவ்வளவு நேரம் நிண்டனீங்கள், வரிசைக்குப் போய்த் திரும்பி வராத ஆக்கள் ஆர் எண்டு இப்ப கேக்காட்டி எப்ப கேக்கிறது?

கேக்கேக்க எங்களுக்கு வசதியில்லாத கதையளும் வரும். கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றிச் சொல்லுவினம். வெளியேற வெளிக்கிட்ட சனத்தைப் புலிகள் மறிச்சதை, சுட்டதைச் சொல்லுவினம். அந்த நிபுணர் குழு அறிக்கையிலும் இது இருக்கு. அதையும் எழுதத்தான் வேணும். விருப்பமானதை மட்டும் வைச்சுக்கொண்டு மிச்சத்தை அழிக்கிறது அரசு செய்யிற வேலை. அதை நாங்களும் செய்தா, எங்கட சாட்சியத்தை ஆர் நம்புவினம்?

அடுத்த மே மாதம் அடுப்பில பானை வைக்கேக்க, பக்கத்தில ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கோ. குடிக்க வாற ஒவ்வொரு அம்மாவிட்டயும், அப்பாவிட்டயும், விருப்பமெண்டால் ஒரு கதை கேளுங்கோ. பெயர் வேண்டாமெண்டால் பெயரை விட்டிட்டு எழுதுங்கோ.