ரப்பர் வளையத்தை அளவு பார்த்து மட்டும் விற்கலாமா?



குக்கர் கேஸ்கட், கேஸ் சிலிண்டர் வாஷர், எண்ணெய் பம்பு வாஷர் ஆகியவை இன்று பல மளிகைக் கடைகளிலும் விற்பனையாகின்றன. வாடிக்கையாளர் "அஞ்சு லிட்டர் குக்கருக்கு ஒண்ணு குடுங்க" என்பார். அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பதே வழக்கம். அளவு மட்டும் போதாது என்பதே நமது கருத்து.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே ரப்பர் அல்ல. இயற்கை ரப்பர் நன்கு இழுபடும். எண்ணெய் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயையும் சமையல் எரிவாயுவையும் தாங்கும். வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். இ.பி.டி.எம். ரப்பர் வெயிலையும் நீராவியையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெயிலும் எரிவாயுவிலும் உப்பிவிடும். சிலிக்கான் 200 டிகிரி சூட்டையும் தாங்கும். ஆனால் எளிதில் கிழியும், வாயுவும் அதனூடே மெல்லக் கசியும்.

ஆகவே குக்கருக்குள் ஏறும் சுமார் 120 டிகிரி சூட்டுக்கு ஏற்றது என்பதற்காக ஒரு வளையம் கேஸ் இணைப்புக்கும் ஆகும் என்று எண்ணக்கூடாது. அங்கே நைட்ரைல்தான் பொருத்தம்.

விலை கூடியது எல்லாவற்றுக்கும் ஏற்றது என்பதும் சரியல்ல. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டனர். இணைப்பின் வடிவமைப்புக் குறையோடு, கடுங்குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையமும் அதற்குக் காரணம். அது சூட்டைத் தாங்குவதில் பெயர் பெற்ற உயர்ந்த ரகம்தான், குளிருக்கு ஆகவில்லை.

பிரஸ்டிஜ் குக்கர் தொழிற்சாலை உள்ள ஓசூர் 2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததே. குக்கரோடு இத்தனை பழக்கம் உள்ள நாம் அதன் ரப்பரையும் அறிந்து விற்க வேண்டாமா?

மொத்த வியாபாரிகளாகிய நாம் பில்லில் ரப்பரின் பெயரை எழுதித் தர வேண்டும். குக்கர் கேஸ்கட்டில் ஐ.எஸ். 7466 தர முத்திரை பார்த்துக் கொள்முதல் செய்ய வேண்டும். சில்லறைக் கடையில் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனி டப்பாவில், நிழலில் வைக்க வேண்டும். ஆணியில் மாட்டி வாசல் வெயிலில் தொங்கவிடக்கூடாது. பழைய சரக்கு முதலில் போகட்டும். சிலிண்டர் வாஷர் கேட்டு வருபவரை கேஸ் ஏஜென்சிக்கே அனுப்புவது நலம்.

மலிவுச் சரக்கு மலிந்த சந்தையில் இது கட்டுப்படியாகுமா என்று சிலர் கேட்கலாம். ஒழுகும் கேஸ்கட்டோடு திரும்பி வருபவர் அடுத்த மாத மளிகையை வேறு கடையில் வாங்குவார். அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வளையத்தின் விலை சொற்பம். ஆனால் அடுப்படியில் நிற்பது நம்மை நம்பி வாங்கிய குடும்பம்.