ஒன்று வாங்கு, ஐந்து வேண்டாம்



ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பிளாட்டிபஸ் பொறித்த பிளாட்டினம் நாணயம். "சார், பொண்ணு படிப்புக்காக இதுல அஞ்சு வாங்கி வைக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு எழுதிய பதில் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன்.

நாணயம் அழகுதான் தம்பி. உங்கள் ஊர் நாணயச்சாலை 2011 முதல் வெளியிடுவது. ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், தூய்மை 99.95 சதவீதம். அதற்கு முன்பு கோலாவைப் போட்டார்கள் (கரடி என்கிறோம், கரடி இனமே இல்லை). கனடா 1990இல் பனிக்கரடியைப் போட்டது. பிளாட்டிபஸ் முட்டையிட்டுப் பால் கொடுக்கும் என்று வகுப்பில் சொன்னபோது நீங்கள் எல்லாரும் சிரித்தது நினைவிருக்கிறது. 1799இல் அதை விவரித்த ஜார்ஜ் ஷாவே, யாரோ வாத்தின் அலகை ஒட்டித் தைத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டவர்தான்.

ஆனால் நீ சேமிக்கப்போவது விலங்கை அல்ல, உலோகத்தை. இந்த உலோகத்தின் குணம் வேறு. தோண்டி எடுப்பதில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவில். அதிகம் செலவாவது கார்களின் புகைக்குழாயில், நச்சுப்புகையை மாற்றும் கருவிக்கு. அதனால் சுரங்கத்தில் தடங்கல் வந்தால் விலை ஏறும், கார் விற்பனை படுத்தால் விலையும் படுக்கும். 2008இல் இரண்டும் நடந்தன. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டால் சுரங்கங்கள் முடங்க, மார்ச்சில் அவுன்ஸ் 2,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. உலகமே நெருக்கடியில் விழுந்த அந்த ஆண்டு முடிவில் 900க்கும் கீழே வந்துவிட்டது. மார்ச்சில் வாங்கியவன் மகளுக்கு டிசம்பரில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் என்ன செய்திருப்பான்?

வாங்கும்போது உலோக விலைக்கு மேல் கூலியும் லாபமும் சேர்த்துக் கொடுப்பாய். விற்கும்போது பெரும்பாலும் எடையைத்தான் பார்ப்பார்கள். பிளாட்டிபஸின் முகத்துக்கு அங்கே விலை இல்லை. குறைந்த எண்ணிக்கையில் அடிக்கும் சேகரிப்பு நாணயம் வேறு கதை, அதற்கும் ஆசைப்படும் ஒருவர் கிடைக்க வேண்டும். லண்டனில் இருக்கும் நம் உறவுகளும் கவனிக்கவும்: அங்கே முதலீட்டுத் தங்க நாணயத்துக்கு இல்லாத வாட் வரி பிளாட்டினத்துக்கு 20 சதவீதம். நம் ஊரிலோ அவசரத்துக்கு நகைக்கடன் என்று போனால் தங்கத்தைத்தான் கேட்பார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று வாங்கு. படிப்புக்கான பணம் வங்கியிலேயே இருக்கட்டும். பிறந்தநாளன்று நாணயத்தைக் குழந்தையின் உள்ளங்கையில் வை. இத்தனை சின்னதுக்கு இத்தனை கனமா என்று கேட்பாள். தங்கத்தைவிட அடர்த்தி அதிகம் என்று சொல். முட்டையிடும் கதையையும் சொல். நம்புகிறாளா என்று எனக்கு எழுது.