மெரினாவும் புலவு நாற்றமும்

மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று நாம் பள்ளியில் படித்தோம். இன்றும் பலர் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார், பிரேசிலின் காசினோ ஆகிய கடற்கரைகள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்பவை. நம்முடையதோ நேப்பியர் பாலத்தருகிலிருந்து பட்டினப்பாக்கம் வரை நடந்தால் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். இந்தச் சிறு பொய்யால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் இதனோடு சேர்ந்து வரும் இரண்டு பெரிய பொய்களால் தீங்குண்டு. மெரினா இயற்கை அளித்த கொடை என்பது ஒன்று. அது உலாவ வருபவர்களுக்கான இடம், மீனவர்கள் அதை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று.

முதற்பொய்யை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அலைகள் இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகில் புரண்டன. 1870களில் துறைமுகப் பணி தொடங்கிக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தன. இக்கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அச்சுவர்களில் மோதித் தெற்கே தேங்கியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து, இத்தாலிய நினைவில் அதற்கு மெரினா என்று பெயரிட்டார். தெற்கே வரவு வைக்கப்பட்ட மணல் வடக்கே செலவெழுதப்பட்டது. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அங்கே பல இடங்களில் கால் நனைக்கவும் மணல் கிடையாது. நாம் காற்று வாங்கும் இந்த அகன்ற வெளி, வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல்.

இரண்டாவது பொய் இதனினும் கொடியது. உலாச்சாலை வருவதற்கு முன்பே இக்கரையில் மீனவர் ஊர்கள் இருந்தன. 1985இல் கரையை அழகுபடுத்தவென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முயன்றபோது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட நாளில், நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே போடப்பட்ட வளைவுச் சாலையில் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023இல் கடைகள் அகற்றப்பட்டன. 2024இல் அங்கே புதிய அங்காடிக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடம் நல்லதுதான். ஆயினும் அந்த மணலில் யார் எங்கே அமரலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை எப்போது, எவர் கைக்கு மாறியது என்ற கேள்விக்குக் கட்டடம் விடையாகாது.

இதில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. கடைகள் அகற்றப்பட்ட அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், "இனியாவது மூக்கைப் பொத்தாமல் நடக்கலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை; ஆனால் எதுவும் சொல்லவுமில்லை. அன்று பிற்பகல் நான் நடத்த வேண்டியிருந்தது நற்றிணையின் 45ஆம் பாடல். தேரேறி வரும் செல்வர் மகனிடம் தோழி, நாங்கள் மீன் நாற்றம் வீசுபவர்கள், விலகி நில்லும் என்கிறாள். எங்கள் வாழ்வு எங்களுக்கு உயர்ந்தது என்று அவள் தலை நிமிர்ந்து சொல்லும் சொல் அது. அந்தச் சொல்லுக்கு நயம் உரைத்துக்கொண்டிருக்கையில், குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் உண்டு. பேருந்தில் எங்கள் அம்மா கூடையோடு ஏறினால் இறங்கச் சொல்கிறார்கள்" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. என்னிடம் விடையில்லை. காலையில் வாய் மூடியிருந்தவன் மாலையில் என்ன விடை சொல்ல முடியும்?

பரதவரை உரையில் போற்றிவிட்டுத் தெருவில் வெறுக்கும் இந்த இரட்டை வழக்கையே நான் எதிர்க்கிறேன். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு காற்றுகளை மனப்பாடம் செய்விக்கிறோம். கச்சான் எப்போது திரும்பும் என்பதை உடம்பால் அறிந்த மனிதர் நம் கல்லூரியிலிருந்து நடை தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு சொல்லும் நாம் கேட்டதில்லை.

காசு செலவழிக்காமல் குடும்பத்தோடு உட்கார இந்நகரத்து ஏழைக்கு மெரினாவை விட்டால் வேறு இடம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த ஏழையை அங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுண்டல் தின்பவருக்கும் வலை உலர்த்துபவருக்கும் அங்கே இடம் போதும். போதாமற்போவது, கடற்கரையை வெறும் காட்சியாக மட்டுமே காண விரும்பும் கண்ணுக்குத்தான்.

வரும் பருவத்தில் நெய்தலை நடத்தும்போது மாணவர்களைக் காலையில் நொச்சிக்குப்பத்துக்கும், பிற்பகலில் திருவொற்றியூர்க் கற்சுவருக்கும் அழைத்துச் செல்லப்போகிறேன். ஆசிரியர் அறையில் அன்று சிரித்தவர்களையும் உடன் வருமாறு இங்கேயே அழைக்கிறேன்.