சேர்க்கைக் கணக்கும் வாசிப்புக் கணக்கும்

ஊரக அரசுப் பள்ளி ஒன்றின் தரத்தை அதன் மாணவர் சேர்க்கையைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் கல்வி விவாதங்களில் வேரூன்றிவிட்டது. சேர்க்கை குறைந்தால் பள்ளி தோற்றது என்றும், கூடினால் மீண்டது என்றும் தீர்ப்பு எழுதப்படுகிறது. இந்த அளவுகோல் பிழையானது.

பிரதம் அமைப்பு ஊரக இந்தியாவில் நடத்தும் 'அசர்' ஆய்வே இதற்குச் சான்று. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுள் அரசுப் பள்ளியில் பயின்றோர் 2018இல் 65.6 விழுக்காடு, 2022இல் 72.9, 2024இல் 66.8. அதே ஆண்டுகளில், அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றோர் முறையே 44.2, 38.5, 44.8 விழுக்காடு. சேர்க்கை உயர்ந்தபோது வாசிப்புத் திறன் சரிந்தது. சேர்க்கை சரிந்தபோது அது மீண்டது. பெருந்தொற்றில் வருவாய் இழந்த குடும்பங்கள் அரசுப் பள்ளியை நாடின. நிலைமை சீரானதும் பலர் விலகினர். ஆகவே சேர்க்கை எண் காட்டுவது பெரும்பாலும் பெற்றோரின் பொருளாதார நிலையையே.

எட்டாம் வகுப்பின் நிலை இன்னும் கவலைக்குரியது. அதே பாடத்தை வாசிக்க இயன்ற அரசுப் பள்ளி மாணவர் 69 விழுக்காட்டிலிருந்து 66.2ஆகக் குறைந்து, 2024இல் 67.5ஐ மட்டுமே எட்டினர். 2024-25இல் எட்டாம் வகுப்பிலிருந்த பிள்ளை, பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-21இல் நான்காம் வகுப்பில் இருந்தது. 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது அப்பிள்ளை ஆறாம் வகுப்பை அடைந்திருந்தது. 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்பு வரை கைநீட்டியது. எனினும் அது மாலைநேரத் தன்னார்வலர்களை நம்பிய ஏற்பாடு.

கர்நாடகம் 2019-20இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது. பயிற்றுமொழி மாற்றம் பிள்ளைகளை ஈர்க்கக்கூடும். ஆனால் எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறும் நிலையை அது மட்டும் மாற்றாது.

பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைத்தால் ஆசிரியர் பற்றாக்குறை தீரும் என்ற வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்கிறது. மாணவர் குறைவு அதற்கு விலக்காகாது. பள்ளி தொலைவில் போகப்போக, வறிய வீட்டுப் பிள்ளையே முதலில் இடைநிற்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையும் அதன் பயிற்றுமொழியிலேயே சோதிக்கப்பட வேண்டும். பின்தங்கியோருக்குப் பள்ளி நேரத்திலேயே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். சேர்க்கை எண்ணோடு வாசிப்பு எண்ணும் ஆண்டுதோறும் ஊர்மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஒரு பள்ளியை மூடுவதா, வளர்ப்பதா என்ற முடிவு அதன் பின்னரே எடுக்கத்தக்கது.