ஊர்ப் படமும் மனைப் படமும்

நமது நண்பர் ஒருவர் சென்ற மாசி மாதத்தில் ஓர் அச்சிட்ட தாளுடன் நம் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். உத்தமபாளையம் தாலுகாவில், அவருடைய தாயார் பிறந்த கிராமத்திற்கு அருகே, வீட்டு மனைகள் விற்பனையாகின்றனவாம். தாளின் நடுவே பல வர்ணங்களில் ஒரு படம்! பஸ் நிலையம், கோயில், கலாசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் மனையிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றன. கம்பத்துத் திராட்சைத் தோட்டமும் போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையும்கூட அதே இரண்டு விரற்கடைக்குள் அடங்கிவிட்டன. நண்பர் அன்று காலையிலேயே 50,000 ரூபாய் முன்பணம் செலுத்திவிட்டார். நம்மிடம் அவர் வந்தது யோசனை கேட்பதற்கன்று, பாராட்டுப் பெறுவதற்கு.

"இதில் வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டோம்.

நண்பர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடக்கு எங்கும் அகப்படவில்லை. அளவும் அகப்படவில்லை. திசையும் அளவும் குறியும் உள்ளதே படம் என்று நான்காம் வகுப்பில் நாமெல்லோரும் உருப்போட்டு ஒப்பித்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனோம். திசையும் அளவும் இல்லாதது வெறும் சித்திரம். சித்திரத்தில் குடியிருக்க முடியாதல்லவா?

அலமாரியிலிருந்த இந்திய நில அளவைத் துறையின் படங்களை எடுத்துத் தரையில் விரித்தோம். தேனி ஒரு தாளில். சின்னமனூரும் உத்தமபாளையமும் அதற்குக் கீழ்த் தாளில். கம்பம் அதற்கும் கீழே. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்பது அவற்றின் அளவு. ஆகவே தேனிக்கும் கம்பத்திற்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம் வந்தது. இரண்டு விரற்கடை எங்கே, முக்கால் மீட்டர் எங்கே!

படத்தின் மேற்கே ஒரு மலைத் தொடர், கிழக்கே மேகமலை. இரு புறத்திலும் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. கோடுகள் நெருங்கிய இடத்தில் ஊர்ப் பெயர்கள் அரிது. அவை விலகிய இடத்தில்தான் பெயர்கள் மிகுதி. ஆற்றையும் குமுளிச் சாலையையும் தொடர்ந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒரு சரம். மேற்கு மலையடிவாரத்தில் போடி, தேவாரம், இளையராஜாவைத் தந்த பண்ணைப்புரம், கோம்பை என்று மற்றொரு சரம். முதற் சரத்திற்கு ஆற்று நீர் உண்டு. இரண்டாவது சரம் நெடுங்காலம் கிணற்றையும் வானத்தையும் நம்பி வாழ்ந்தது. தென்மேற்குப் பருவ மேகம் தன் சுமையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பால் இறக்கிவிடுகிறது. இப்பக்கம் வருவது காற்றும் சிறு தூறலுமே.

மலை முகட்டின் ஒரு பக்கம் விழுந்த துளி அரபிக் கடலுக்கு. மறு பக்கம் விழுந்தது வைகைக்கு. இயற்கை வகுத்த அந்தக் கோட்டைத்தான் மனிதர் குடைந்தார்கள். 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் குத்தகை உடன்படிக்கை ஆயிற்று. 1887-இல் தொடங்கிய பெரியாறு அணை வேலை 1895-இல் பென்னிகுயிக் என்னும் எஞ்சினீயரின் மேற்பார்வையில் நிறைவேறியது. ஒரு மைலுக்குச் சற்றே மிகுந்த சுரங்கம் வழியாக, மேற்கே போகவேண்டிய நீர் கிழக்கே திரும்பியது. வேலைக்காக மலையடியில் இட்ட முகாம் இன்றும் லோயர் கேம்ப் என்னும் ஊராக இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 15-இல் அந்த எஞ்சினீயரின் பிறந்த நாளன்று இப்பள்ளத்தாக்கு மக்கள் பொங்கலிடுகிறார்கள். அன்னியரை இவ்வளவு அன்புடன் நினைக்கும் ஜனங்கள் நம் நாட்டில் வேறெங்கும் உண்டோ என்னவோ! இந்த நீரை நம்பியே பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கர் இருபோக நஞ்சையாக நிற்கிறது.

நஞ்சை என்பது இவ்வாறு மலையைக் குடைந்து சம்பாதித்த பொருள். நம் முன்னோர் அதன் அருமையை அறிந்திருந்தார்கள். வீடுகளை மேட்டில் நெருக்கமாகக் கட்டி, பள்ளத்தைப் பயிருக்கு விட்டார்கள். எந்தக் கிராமப் படத்திலும் நத்தம் சிறியதாகவும், அதைச் சுற்றிய நஞ்சையும் புஞ்சையும் பெரியனவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. இப்பொழுதோ சாலையோரத்து நெல் வயலில் நாற்றுக்குப் பதில் மனைக்கல் நடுகிறார்கள்.

நண்பருக்குச் சற்று வியர்த்தது. "நம் மனை எங்கே இருக்கிறதென்று இதில் தெரியுமா?" என்றார். தெரியாது, இந்த அளவில் ஒரு மனை ஊசிமுனைதான். அதற்கு வேண்டியது கிராமப் படமும் புல வரைபடமும். முற்காலத்தில் கிராமப் படம் கர்ணத்தின் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. 1980-இல் அந்தப் பதவி எடுக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். புல வரைபடத்தை இப்பொழுது சர்க்காரே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பண ரசீதில் இருந்த சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு மறு வாரம் இருவரும் பிரயாணமானோம்.

கிராமப் படத்தில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தோம். அதன் குறுக்கே இரண்டு கோடுகள் நெளிந்து சென்றன. நடுவே ஓடைப் புறம்போக்கு என்று சிறிய எழுத்து. மலையடியில் தொடங்கும் அவ்வோடை மனைகளின் வழியே இறங்கி ஆற்றை அடைகிறது. நேரில் போய்ப் பார்த்தால் ஓடை இல்லை. செம்மண் கொட்டி, சமன் செய்து, நான்கு மூலைகளிலும் வர்ணக் கொடிகள் பறக்கவிட்டிருந்தார்கள்.

நண்பருடைய தாய்மாமனுக்கு வயது எண்பதுக்கு மேல். எழுத்து வாசனை இல்லை. எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை. இடத்தைக் கேட்டதும், "ஓடைக்கால் செய்யிலயா வீடு கட்டப் போற, மாப்ள?" என்று சிரித்தார். அந்த நிலத்தின் பெயரே அதுதான்.

விற்பவரிடம் போய்ப் படத்தைக் காட்டினோம். "அது எந்தக் காலத்திலேயோ ஓடின தண்ணி சார்! இப்ப யார் பாத்தா?" என்றார். அவருடைய மேஜைமேல் அதே பல வர்ணத் தாள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டபோது தாய்மாமன் போன் செய்து, கொடிக் கம்புகள் மாத்திரம் தண்ணீருக்கு மேலே தெரிவதாகச் சொன்னாராம்.

நண்பர் மனையை விட்டுவிட்டார். முன்பணம் இன்னும் வந்தபாடில்லை.