குழந்தைக்கு எந்த சாப்ட்வேர் நல்லது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். எதுவும் வாங்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள் என்பேன்.

தேவிபட்டினத்தில் என் அக்கா மகன் வீட்டிலேயே படிக்கிறான். ஒன்பது வயது. வாசிப்பும் கணக்கும் தகராறு. நேரம் வைத்து மார்க் போடும் கணக்கு கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில், "எனக்கு வராது மாமா" என்று எழுந்துவிட்டான். தப்பு என்னுடையது.

அடுத்த லீவில், அவன் சொல்வதையே வேர்டில் பெரிய எழுத்தில் டைப் செய்தேன்: "நவபாஷாணத்தில் ஒன்பது கல் இருக்கு." விண்டோஸில் தமிழ்க் குரல் உண்டு, பெயர் வள்ளுவர்! செட்டிங்ஸில் ஸ்பீச் பகுதியில் சேர்த்துக்கொண்டால், புதிய வேர்டில் 'ரீட் அலவுட்' கிளிக் செய்ததும் படிக்கும். அவன் விரல் வைத்துத் தொடர்ந்தான். இருபது முறை கேட்டாலும் அது சலிக்காது. எனக்கும் அக்காவுக்கும் அந்தப் பொறுமை இல்லை.

கணக்குக்குக் கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். "மூன்று கல் தண்ணீரில் மறைந்தால் மீதி எத்தனை?" விரல் விட்டுத்தான் எண்ணினான். எண்ணட்டுமே!

எழுத்துகள் தொடர்ந்து குழம்பினால் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். சோம்பேறி என்று திட்டாமல் நிபுணரிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று போனில் ஒரு வரி படித்துக் காட்டினான். நண்டைப் பற்றி.